மங்கோலியர் ஏன் டெல்லியைப் பிடிக்கவில்லை? வெயில்தான் காரணமா?

பாலைவண்டி

பெய்ஜிங் போச்சு, சாமர்கண்ட் போச்சு, கீவ் போச்சு, பாக்தாத் போச்சு. ஹங்கேரி வரைக்கும் குதிரை ஓட்டிய கூட்டம் சிந்து நதிக்கரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விட்டது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மாமா ஒருவர் 'நம்ம ஊர் வெயில் தாங்காமல் ஓடினான் செங்கிஸ்கான்' என்று போட, ஏகப்பட்ட கைதட்டல். பாக்தாத் என்ன ஊட்டியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குளம்படி

முதலில் அவர் சிந்து வரை ஏன் வந்தார் என்று பார்க்க வேண்டும். இந்தியாவைப் பிடிக்க வரவில்லை, ஒரு ஆளைத் துரத்திக்கொண்டு வந்தார்.

1218ல் மங்கோலியர் அனுப்பிய வணிகக் கூட்டம் ஒன்று, சுமார் 450 பேர், இன்றைய கஜகஸ்தானில் உள்ள ஒத்ரார் நகருக்கு வருகிறது. ஒற்றர்கள் என்று சொல்லி அந்த ஊர் ஆளுநர் எல்லோரையும் கொன்று சரக்கைப் பிடுங்கிக்கொள்கிறார். நியாயம் கேட்டுப் போன தூதரையும், நடு ஆசியாவும் பாரசீகமும் சேர்ந்த குவாரிசம் நாட்டு மன்னர் ஷா முகம்மது கொன்றுவிடுகிறார். அதற்கு அடுத்த வருடம் படையெடுப்பு. 1220ல் புகாரா, சாமர்கண்ட் இரண்டும் விழுந்தன, ஷா ஓடி ஓடி காஸ்பியன் கடலில் ஒரு தீவில் செத்தார். மகன் ஜலாலுதீன் மட்டும் மசியவில்லை. ஆப்கானிஸ்தானில் பர்வான் என்ற இடத்தில் ஒரு மங்கோலியப் படையை அடித்தே விட்டார். பிறகு செங்கிஸ்கானே நேரில் கிளம்பி, 1221 நவம்பரில் சிந்துக்கரையில் அவரை மடக்குகிறார். ஜலாலுதீன் குதிரையோடு கரை மேட்டிலிருந்து ஆற்றில் குதித்து அக்கரை சேர்ந்துவிட்டார். மகன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று செங்கிஸ்கான் தன் பிள்ளைகளிடம் சொன்னதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் ஜுவைனி எழுதுகிறார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஜலாலுதீன் டெல்லி சுல்தான் இல்துத்மிஷிடம் அடைக்கலம் கேட்டபோது, 'இந்தப் பக்கம் தட்பவெப்பம் தங்களைப் போன்ற மன்னருக்கு ஒத்துவராது' என்று நாசூக்காகக் கை கழுவிவிட்டார். நம் வெயிலை அரசியலுக்கு முதலில் பயன்படுத்தியது இல்துத்மிஷ்தான்.

ஆனால் மாமாவை முழுசாகத் தள்ளவும் முடியாது. ஜலாலுதீனைத் தேடி ஒரு படை ஆற்றைக் கடந்து முல்தான் வரை வந்தது. தெப்பம் கட்டி, கவண் எந்திரத்துக்கு வேண்டிய கல்லை அதில் ஏற்றிக்கொண்டு வந்து முற்றுகை போட்டார்கள். நகரம் விழும் நேரத்தில் வெக்கை தாங்காமல் விட்டுவிட்டுப் போனார்கள், இதையும் ஜுவைனியே எழுதியிருக்கிறார்.

தஞ்சைத்தவளை

ஆக மாமா பார்டரில் பாஸ்.

பாலைவண்டி

நன்றி குளம்படி. அடிப்படையான ஒரு கேள்வி. ஆடு மேய்த்துக்கொண்டு ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்த கூட்டம்தானே, இருபது முப்பது வருடத்தில் இப்படி ஆனது எப்படி? ஜனத்தொகையும் அதிகமில்லை என்கிறார்கள்.

வேம்பு

பத்து லட்சம் பேர்கூட இருந்திருக்க மாட்டார்கள் என்பதுதான் பொதுவான கணிப்பு. அதனால்தான் எண்ணிக்கையை வைத்து இந்தக் கதையைப் புரிந்துகொள்ள முடியாது.

செங்கிஸ்கானின் இயற்பெயர் தெமுஜின். அவருடைய அப்பா யெசுகெய்யைத் தாதார்கள் என்ற எதிரிக் கூட்டம் விஷம் வைத்துக் கொன்றது. சொந்தக் குலமே அந்தக் குடும்பத்தை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போனது. தாய் ஹோஎலுன் கிழங்கு தோண்டிப் பிள்ளைகளை வளர்த்தாள். பிறகு மனைவி போர்த்தேயை மெர்கித் கூட்டம் தூக்கிப் போனது. இரத்த சகோதரன் என்று சத்தியம் செய்த ஜமுகாவே எதிரியானான். சொந்தம், குலம், சத்தியம் எதுவும் கை கொடுக்காது என்று பட்டுத் தெரிந்துகொண்ட மனிதர் அவர். 1206ல் ஓனான் ஆற்றங்கரையில் குரில்தாய் என்ற தலைவர்கள் சபை கூடி அவரை செங்கிஸ்கான் ஆக்கியதும் முதல் வேலையாகக் குலங்களைக் கலைத்துப் போட்டார். பத்துப் பேர், நூறு பேர், ஆயிரம் பேர், பத்தாயிரம் பேர் என்று அலகு. அப்போது 95 ஆயிரவர் பிரிவுகள் இருந்தன என்று மங்கோலியர்களே எழுதிவைத்த வரலாறு சொல்கிறது. தோற்ற குலத்து ஆட்களை வெவ்வேறு பிரிவுகளில் பிரித்துப் போட்டுவிட்டதால் இனி கூட்டமாகக் கிளம்பிக் கலகம் செய்ய முடியாது. பிரிவை விட்டு ஓடினால் மரண தண்டனை.

தலைவர்களையும் பிறப்பு பார்த்து எடுக்கவில்லை. ஒரு சண்டையில் இவருடைய குதிரையை அம்பெய்து வீழ்த்தியவன் பிறகு பிடிபடுகிறான். யார் எய்தது என்று கேட்டால் 'நான்தான், கொன்றால் உள்ளங்கை அளவு மண் நனையும், விட்டால் உனக்காகப் பாறையையும் உடைப்பேன்' என்கிறான். அவன்தான் ஜெபே. அவனும் இன்னொரு தளபதி சுபுதாயும்தான் பிறகு காஸ்பியனைச் சுற்றி வந்து 1223ல் கல்கா ஆற்றங்கரையில் ருஷ்ய இளவரசர்களை நொறுக்கியது.

கூடவே வானமும் கை கொடுத்தது. மங்கோலிய மலைகளில் உள்ள பழைய மரங்களின் வளையங்களை ஆராய்ந்து, 1211 முதல் 1225 வரை அங்கே வழக்கத்துக்கு மாறாக நல்ல மழை என்று 2014ல் சொன்னார்கள். மழை என்றால் புல், புல் என்றால் குதிரை. சரியாக அவர் சீனாவின் ஜின் அரசை அடிக்கக் கிளம்பிய காலம்.

குளம்படி

வேம்பு கடைசியில் தொட்ட இடம்தான் பாலைவண்டி கேட்டதற்கு விடை என்று நினைக்கிறேன். புல்.

ஒரு மங்கோலிய வீரனுக்கு ஒரு குதிரை இல்லை, மூன்று முதல் ஐந்து வரை. மாற்றி மாற்றி ஏறிப் போவார்கள். குட்டையான குதிரை, பனியைக் குளம்பால் கிளறிப் புல் தின்னும், தானியம் வேண்டாம், லாயம் வேண்டாம். வீரனுக்கும் பெரிய சமையல் கிடையாது. மார்க்கோ போலோ ஒன்றைக் கிட்ட இருந்து பார்த்தது போல எழுதுகிறார்: பாலைக் காய்ச்சி வெண்ணெய் எடுத்துவிட்டு மிச்சத்தை வெயிலில் கெட்டியாகக் காயவைத்து எடுத்துப்போவார்கள், காலையில் அதில் கொஞ்சம் தோல் பையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் போதும், குதிரை ஓடும் குலுக்கலில் அது கரைந்து கூழ் ஆகிவிடும். அதுதான் சாப்பாடு. பின்னால் மாட்டுவண்டியில் அரிசி மூட்டை வர வேண்டியதே இல்லை.

ஆனால் இதையே திருப்பிப் பாருங்கள். பத்தாயிரம் வீரர் என்றால் முப்பதாயிரம், நாற்பதாயிரம் குதிரை. ஒரே இடத்தில் நின்றால் சில நாளில் புல் காலி. அதனால் புல் இல்லாத இடத்தில் பெரிய படை நிற்கவே முடியாது. நானாக ஊகித்துச் சொல்லவில்லை, பாரசீகத்தை ஆண்ட செங்கிஸ்கானின் பேரன் ஹுலாகுவே சொல்கிறார். 1260ல் சிரியா வரை வந்தவர் பெரும்படையோடு பின்வாங்கி, தளபதி கித்புகாவிடம் சிறு படையை விட்டுப் போனார், அந்தச் சிறு படையைத்தான் பாலஸ்தீனத்தின் ஐன் ஜாலூத்தில் எகிப்திய மம்லூக்குகள் அழித்தார்கள். 1262ல் பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயிக்கு எழுதிய கடிதத்தில், தீவனம் தீர்ந்துபோனதால்தான் திரும்பினேன் என்று ஹுலாகு காரணம் சொல்கிறார். பேரரசின் பெரிய கானாக இருந்த அண்ணன் மோங்கே இறந்த செய்தியும் ஒரு காரணம்தான், ஆனால் அவரே எழுதியது இது.

ஹங்கேரியும் அப்படியே. 1241 ஏப்ரலில் மோஹியில் மன்னர் பெலாவின் படையைத் துவைத்து எடுத்தார்கள், அடுத்த வருடமே கிளம்பிவிட்டார்கள். செங்கிஸ்கானுக்குப் பின் பெரிய கானான மகன் ஓகடாய் இறந்ததால் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். 1242 வசந்தத்தில் அங்கே ஈரம் அதிகமாகி சமவெளி சேறாகிப் போனதை மர வளையங்கள் காட்டுவதாக 2016ல் ஓர் ஆய்வு வந்தது.

சீராளன்

புல் கதை நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டு ஓட்டை. ஒன்று, துருக்கியரும் குதிரைக்காரர்கள்தான், அவர்கள் டெல்லியில் உட்கார்ந்து ஆண்டார்களே? இரண்டு, தென்சீனா முழுக்க வயலும் வாய்க்காலும். அங்கே எந்தப் புல்லை நம்பி செங்கிஸ்கானின் இன்னொரு பேரன் குப்ளாய் போனார்?

வேம்பு

நல்ல கேள்விகள். இரண்டாவதற்கு முதலில் பதில்.

தென்சீனாவின் சோங் அரசோடு சண்டை தொடங்கியது 1235ல், முடிந்தது 1279ல். 44 வருடம்! குவாரிசம் இரண்டு மூன்று வருடத்தில் விழுந்ததை நினைத்துப் பாருங்கள். மோங்கே கான் அந்தப் போர்முனையில்தான் 1259ல் செத்தார். சியாங்யாங் கோட்டை மட்டும் 1268 முதல் 1273 வரை தாக்குப்பிடித்தது. அதை உடைத்தது குதிரை இல்லை. ஹான் ஆற்றில் சீனர்களை வைத்தே கப்பல்படை கட்டினார்கள். பாரசீகத்திலிருந்து இஸ்மாயில், அலாவுதீன் என்று இரண்டு பொறியாளர்களை வரவழைத்து, எதிர் எடை வைத்து வீசும் பெரிய கவண் எந்திரம் செய்தார்கள். ஒரு கல் கோட்டைக்குள் இடி மாதிரி விழுந்தது, ஊர் நடுங்கியது, தளபதி சரணடைந்தார்.

மங்கோலியரிடம் நான் வியக்கும் விஷயம் இதுதான். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவனைப் பிடித்துப்போட்டு வேலை வாங்குவது. ஒரு நகரத்தைக் கொல்லும் முன் தச்சன், கொல்லன், நெசவாளி, எழுதத் தெரிந்தவன் எல்லோரையும் தனியே பிரித்து நிறுத்துவார்கள். உயிர் தப்பும், ஆனால் ஆயிரக்கணக்கான மைல் தாண்டிப் போய் வேலை செய்ய வேண்டும். மங்கோலியத் தலைநகர் காரகோரத்தில் மோங்கேயின் அரண்மனை வாசலில் வெள்ளியால் ஒரு மரம், நான்கு குழாய் வழியாக நான்கு வகை மது கொட்டும். செய்தது பாரிஸைச் சேர்ந்த குய்யோம் புஷே என்ற பொற்கொல்லர், ஹங்கேரியில் பிடிபட்ட கைதி.

இப்போது இந்தியாவுக்கு வாருங்கள். அந்த மாதிரி 44 வருட உழைப்பைப் போட இந்தப் பக்கம் யார் இருந்தார்கள்? 1260க்குப் பிறகு பேரரசு நான்காக உடைந்துவிட்டது. ஹுலாகுவும், ருஷ்யப் பக்கத்தை ஆண்ட அவருடைய சித்தப்பா பெரியப்பா வழிச் சகோதரர் பெர்க்கேயும் 1262ல் தங்களுக்குள்ளேயே சண்டை. நமக்கு வாய்த்தது நடு ஆசியாவை ஆண்ட, செங்கிஸ்கானின் மகன் சகதாயின் வழி. அவர்களுக்கோ ஒருபக்கம் குப்ளாயோடு தகராறு, இன்னொரு பக்கம் பாரசீகத்தோடு தகராறு. மீதி நேரத்தில்தான் பஞ்சாப்.

குளம்படி

சீராளனின் முதல் கேள்விக்கு. துருக்கியர் டெல்லியில் படைவீரர்களாக உட்கார்ந்தார்கள், ஊர் வருமானத்தைப் பிரித்துக்கொண்டார்கள், குதிரைக்குத் தானியம் போட்டார்கள். மங்கோலியர் வருவது மந்தையோடு, சில நேரம் பெண்டு பிள்ளைகளோடு. இரண்டும் வேறு வாழ்க்கை.

கொற்கைக்காரன்

குதிரை பற்றிப் பேசுவதால் இடையில் ஒன்று. அதே மார்க்கோ போலோ, குப்ளாயின் வேலையாகப் பாரசீகத்துக்கு ஓர் இளவரசியைக் கொண்டுபோகும் பயணத்தில், 1290களில், நம் காயல் பக்கம் வந்தார். பாண்டிய அரசர்கள் ஒவ்வொருவரும் வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் குதிரை வாங்குகிறார்கள், வருடக் கடைசியில் நூறு மிஞ்சுவதில்லை என்கிறார். சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் குதிரைக்குப் போடுகிறார்களாம்! லாடம் அடிப்பவரோ வைத்தியரோ இந்தப் பக்கம் வந்துவிடாமல் பாரசீக வளைகுடாவின் ஹோர்முஸ், கிஷ் வியாபாரிகள் பார்த்துக்கொள்கிறார்களாம், செத்தால்தானே அடுத்த கப்பல் விற்கும். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார்தான், ஆனாலும் குதிரை இங்கே எவ்வளவு பாடுபட்டது என்பது தெரிகிறது.

பழையநாணயம்

எல்லோரும் புல்லையும் குடும்பச் சண்டையையும் சொல்கிறீர்கள், அலாவுதீன் கில்ஜியை ஒருவரும் சொல்லவில்லை. அவர் வரலாற்றில் செய்த மற்றதெல்லாம் எப்படியோ, இந்த விஷயத்தில் அந்த மனிதருக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும்.

1241ல் லாகூர் சூறையாடப்பட்டது. 1285ல் டெல்லி சுல்தான் பால்பனின் மகன் முகம்மது முல்தான் பக்கம் மங்கோலியரோடு மோதிச் செத்தார், கவிஞர் அமீர் குஸ்ரு அந்தச் சண்டையில் கைதியாகி மீண்டு வந்தார். 1299ல் சகதாய் வழிக் கான் துவாவின் மகன் குத்லுக் குவாஜா நேராக டெல்லி வாசலுக்கே வந்துவிட்டார். கிலி என்ற இடத்தில் சண்டை, தளபதி ஜாபர் கான் துரத்திப் போய் மாட்டிக்கொண்டு செத்தார். 1303ல் இன்னும் மோசம். அலாவுதீன் ராஜஸ்தானின் சித்தூர்க் கோட்டையைப் பிடித்துவிட்டுக் களைத்துத் திரும்பியிருக்கிறார், ஒரு படை வாரங்கல் பக்கம் போய்ச் சிதறிக்கிடக்கிறது, மங்கோலியத் தளபதி தராகாய் வந்து டெல்லியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார். சுல்தான் டெல்லிக்குப் பக்கத்தில் சிரி என்ற இடத்தில் அகழி வெட்டிப் பதுங்கிக் கிடந்தார், இரண்டு மாதம் போல. பிறகு மங்கோலியர் தாங்களாகவே போய்விட்டார்கள்.

அந்தப் பயத்தில் பிறந்ததுதான் அலாவுதீனின் விலைக்கட்டுப்பாடு. பெரிய நிரந்தரப் படை வேண்டும், ஆனால் கஜானா தாங்க வேண்டும். குதிரையோடு வரும் வீரனுக்கு வருடச் சம்பளம் 234 தங்கா (அன்றைய வெள்ளி நாணயம்) என்று டெல்லி வரலாற்றாசிரியர் பரணி கணக்கு சொல்கிறார், இரண்டாவது குதிரை வைத்திருந்தால் 78 கூட. அந்தச் சம்பளத்தில் அவன் குடும்பம் நடத்த வேண்டுமானால் விலைவாசியைக் கீழே அழுத்த வேண்டும். கோதுமை, பருப்பு, துணி, குதிரை, அடிமை, எல்லாவற்றுக்கும் விலை நிர்ணயம். எடை குறைத்த கடைக்காரனின் உடம்பிலிருந்து அதே எடைக்குச் சதை அறுத்தார்கள் என்றும் பரணி எழுதுகிறார். குதிரைக்குச் சூடு போட்டு அடையாளம் வைத்ததும் இப்போதுதான், இல்லாவிட்டால் கணக்கெடுப்பில் ஒரே குதிரையை இரண்டு தடவை காட்டிவிடுவார்கள்.

பலன் கிடைத்தது. 1305ல் அம்ரோஹாவில் மங்கோலியத் தலைவர்கள் பிடிபட்டார்கள். 1306ல் இன்னொரு படை அடிபட்டது, அடித்தவர்களில் முக்கியமானவர் மாலிக் கபூர்.

இப்போது நம் ஊருக்கு. வடமேற்கில் நெருக்கடி தணிந்ததும் அந்தப் படை சும்மா இருக்குமா? சம்பளத்துக்குப் பணம் வேண்டும். அதே மாலிக் கபூர் 1311ல் மதுரைக்கு வந்தார். மங்கோலியர் தமிழ்நாட்டுக்கு வரவில்லை என்பது சரி, அவர்களைத் தடுக்கக் கட்டிய படை வந்தது.

தஞ்சைத்தவளை

இந்தக் கடைசி பத்தியை மாமாவின் குழுவில் போட்டால் என்னை நீக்கிவிடுவார்கள்.

நெய்தல்

படிக்க சுவாரசியமாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லோரும் கிரிக்கெட் டீமைப் பாராட்டுவது போலப் பேசுகிறீர்கள். குவாரிசம் நாட்டு மெர்வில் ஊரையே கொன்றார்கள், நிஷாபூரில் பூனை நாயைக்கூட விடவில்லை. பாக்தாத்தில் 1258ல் ஐநூறு வருடக் கலீபா ஆட்சியை முடித்து, ஊரையே வெட்டிப் போட்டார்கள். 'திறமைசாலியைப் பிரித்து வேலை வாங்கினார்கள்' என்று வேம்பு எழுதியதைப் படித்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. பிரிக்கப்படாத மற்றவர்கள் என்ன ஆனார்கள்?

வேம்பு

கொல்லப்பட்டார்கள். அல்லது அடுத்த கோட்டைக்கு முன்னால் மனிதக் கேடயமாக நடத்திப் போகப்பட்டார்கள். நான் வியக்கிறேன் என்று சொன்னது உண்மை, அதற்காக இதை மறைக்க மாட்டேன்.

எண்ணிக்கையில் மட்டும் கவனம் வேண்டும். மெர்வில் பிணங்களை 13 நாள் எண்ணி 13 லட்சம் என்று ஜுவைனி எழுதுகிறார். அந்தக் காலத்தில் அந்த ஊர் அவ்வளவு பேரைத் தாங்கியிருக்க முடியாது. பாக்தாத்துக்கு ஹுலாகுவே, மேலே குளம்படி சொன்ன அதே கடிதத்தில், இரண்டு லட்சத்துக்கும் மேல் என்று பெருமை அடித்துக்கொள்கிறார். கொன்றவனுக்கும் கூட்டிச் சொல்ல ஆசை உண்டு, அடுத்த ஊர் பயந்து கதவைத் திறக்கும் அல்லவா. 'நாலு கோடிப் பேரைக் கொன்றார்கள்' என்று இணையத்தில் சுற்றுவது பெரும்பாலும் சீன வரிக்கணக்குப் பதிவேடுகளைக் கழித்துப் பார்த்து வந்தது. பதிவேட்டில் பேர் இல்லை என்றால் செத்தார்கள் என்று மட்டும் அர்த்தமில்லை, ஓடியிருக்கலாம், அடிமையாகியிருக்கலாம், அரசாங்கத்துக்கு எண்ண முடியாமல் போயிருக்கலாம். இதையெல்லாம் கழித்த பிறகும் மிஞ்சுவது பயங்கரமானதுதான்.

நெய்தல்

ஜுவைனியை இத்தனை தடவை சாட்சிக்கு இழுக்கிறீர்கள், அவர் யார் என்பதையும் சொல்லுங்கள். ஹுலாகுவிடம் வேலை பார்த்தவர், பாக்தாத் அழிந்த அடுத்த வருடமே அந்த ஊருக்கு ஆளுநர் ஆனவர்.

குளம்படி

ஆமாம், அதனால்தான் அவர் சொல்வது சுவையாக இருக்கிறது. எஜமானரைப் புகழ வேண்டும், அதே நேரம் தன் சொந்த மண் அழிந்ததை எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. வானியலாளர் நசீருதீன் தூசி இன்னொரு வகை. பாரசீகத்தின் அலமூத் கோட்டை 1256ல் விழுந்ததும் ஹுலாகு பக்கம் வந்தவர், 1259ல் மராகாவில் அவரைக் கொண்டே பெரிய வானாய்வுக்கூடம் கட்ட வைத்தார். பாக்தாத்தை எரித்த அதே கைதான் மராகாவைக் கட்டியது.

பாலைவண்டி

இவர்கள் ஆட்சி நடத்தியது எப்படி? பிடித்தது சரி.

பழையநாணயம்

குளறுபடியும் நிறைய. எனக்குப் பிடித்த கதை தப்ரீஸ் காகிதப்பணம். சீனாவில் குப்ளாய் காகிதப்பணத்தை ஓட்டிக்காட்டினார். அதைப் பார்த்துப் பாரசீகத்தை ஆண்ட கைகாத்து கான், கஜானா காலியானதால் 1294ல் தப்ரீஸில் அச்சடித்தார். சீன எழுத்தும் இருக்கும், இஸ்லாமியக் கலிமாவும் இருக்கும். வாங்க மறுத்தால் தலை போகும் என்று உத்தரவு. என்ன ஆயிற்று? கடைத்தெரு மூடிக்கொண்டது. ரொட்டி கிடைக்கவில்லை, ஆட்கள் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். கொஞ்ச நாளில் உத்தரவை வாபஸ் வாங்கினார்கள். அடுத்த வருடம் கைகாத்துவே கொல்லப்பட்டார். அவருக்குக் கொஞ்சம் பின்னால் வந்த கசான் இஸ்லாத்தைத் தழுவி, வரியை ஒழுங்குபடுத்தி, நிலைமையைத் தூக்கி நிறுத்தினார்.

அஞ்சல் வழி மட்டும் உண்மையிலேயே அபாரம். ஒரு நாள் தொலைவுக்கு ஒரு நிலையம், அங்கே புதுக் குதிரை, சாப்பாடு. கழுத்தில் உலோகப் பட்டயம் தொங்கினால் கேள்வியே இல்லை. செலவு யார் தலையில் என்றால், பக்கத்துக் கிராமத்தான் தலையில்.

கொற்கைக்காரன்

அந்த வலையின் ஒரு நுனி நம்மிடமும் வந்தது. 1280 வாக்கில் குப்ளாயின் தூதர் யாங் திங்பி கொல்லத்துக்கும் பாண்டிய நாட்டுக்கும் கப்பலில் வந்தார். 1281ல் சீனாவின் குவான்சௌ துறைமுகத்தில் ஒரு தமிழ்க் கல்வெட்டு, சக ஆண்டு 1203 சித்திரை. சம்பந்தப் பெருமாள் என்பவர், 'செகசை கான்' நலமாக இருக்க வேண்டும் என்று, அந்தக் கானின் பர்மான், அதாவது அரசாணை, பெற்றுச் சிவபெருமானை அங்கே எழுந்தருளச் செய்திருக்கிறார். அந்தக் கான் குப்ளாய்தான் என்பது ஆய்வாளர் கருத்து. கடைசியில் ஒரு வரி சீன எழுத்து. அங்கே இருந்த இந்துக் கோயிலின் சிற்பங்கள் சில அந்த ஊரில் இன்றும் இருக்கின்றன.

தஞ்சைத்தவளை

ஆசியாவில் நூற்றுக்கு எட்டு ஆண் செங்கிஸ்கான் வாரிசு என்று படித்தேன். நிஜமா?

வேம்பு

2003ல் வந்த மரபணு ஆய்வு. ஆசியா முழுக்க இல்லை, பசிபிக் கரையிலிருந்து காஸ்பியன் பக்கம் வரை உள்ள குறிப்பிட்ட பகுதி ஆண்கள். அவர் கல்லறையே கிடைக்கவில்லை, ஒப்பிட மாதிரி இல்லை. அந்த மரபணு வழி அவருக்கு முந்தியே பரவியிருக்கலாம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

சீராளன்

எனக்கு இன்னும் 1303 ஜீரணமாகவில்லை. தராகாய் எதிரே களைத்த படை, நகரத்தில் தானியத் தட்டுப்பாடு. இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால்? புல்லும் இல்லை, அலாவுதீனும் இல்லை, வெறும் அதிர்ஷ்டம் என்றுதான் எனக்குப் படுகிறது.

பழையநாணயம்

பரணியும் கிட்டத்தட்ட அதைத்தான் சொல்கிறார், ஃபகீர்களின் பிரார்த்தனை என்று. எனக்கென்னவோ தராகாயிடம் கோட்டை உடைக்கும் ஆட்கள் இல்லை என்றுதான் தோன்றுகிறது. சியாங்யாங்குக்குப் போன இஸ்மாயில் மாதிரி ஒருவரை யார் இவருக்கு அனுப்புவார்கள்? பாரசீகத்துக் கானுக்கும் இவர்களுக்கும் பேச்சுவார்த்தையே சரியில்லை.

சீராளன்

கோட்டையே எங்கே இருந்தது? சிரியில் அப்போது வெறும் அகழியும் மர அரணும்தானே, மதில் கட்டியது அவர்கள் போன பிறகு. அதை உடைக்கப் பாரசீகப் பொறியாளர் வேண்டுமா என்ன. ஒப்புக்கொள்ள மாட்டேன்.